ஜெயிக்க வைப்பவர்தான் நல்ல கோச்சா?

பூந்தமல்லியில் தொடங்கி நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், திருமழிசை என்று பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாக டர்ஃப் மைதானங்கள் முளைத்துவிட்டன. ஏதாவது ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய் நின்றால் போதும், சிறுவர் கால்பந்தைப் பற்றி நம் ஊர் என்ன நினைக்கிறது என்பது காதில் விழுந்துவிடும். உள்ளே பத்து வயதுக்குட்பட்டோர் போட்டி நடக்கும். வலைக்கு வெளியே அப்பாக்கள் பேசிக்கொள்வார்கள்: "அந்த அகாடமி கோச் செம்ம ஸ்ட்ரிக்ட். பசங்களைப் போட்டு வாங்கிடுவார். ஆனா ரிசல்ட் வருதுல்ல, போன மாசமும் கப் அவங்களுக்குத்தான்."

இந்தக் கருத்து தவறு என்பதுதான் இந்தக் கட்டுரை. மறுப்பதற்கு முன் அதை அதன் முழு பலத்தோடு சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கட்சியின் வாதம் இது. விளையாட்டு என்று வந்துவிட்டால் வெற்றி தோல்வி உண்டு. பிள்ளை நாளைக்குச் சந்திக்கப்போவது நீட் தேர்விலிருந்து வேலைக்கான நேர்காணல் வரை வடிகட்டித் தள்ளுகிற உலகம். அந்தச் சூட்டை இப்போதே பழகிக்கொள்ளட்டும். கோச் கண்டிப்பாக இருந்தால்தான் ஒழுங்கு வரும். நன்றாக ஆடுகிறவனை இறக்குவதும் ஆடத் தெரியாதவனை உட்கார வைப்பதும் அநீதியில் சேராது, அதற்குப் பெயர் தகுதி. ஜெயித்தால் சான்றிதழ் வரும். சான்றிதழ் சேர்ந்தால் விளையாட்டு ஒதுக்கீடு வரும். ஒதுக்கீட்டில் ஓர் இன்ஜினியரிங் சீட்டோ ரயில்வே வேலையோ வரும். மாதாமாதம் பணம் கட்டுகிற பெற்றோருக்குக் கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க உரிமை உண்டு. கோப்பையைவிடத் தெளிவான பதில் வேறென்ன இருக்கிறது?

இதைச் சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, தூக்கத்தைத் தள்ளிப்போட்டுப் பிள்ளையை பைக்கில் கொண்டுவந்து விடுகிற அப்பா அவர்களில் ஒருவர். கோச்சும் பாவம்தான். பெரும்பாலும் மணிக்கணக்கில் சம்பளம், நிரந்தரம் கிடையாது. தொடர்ந்து தோற்றால் பத்துப் பிள்ளைகள் அடுத்த அகாடமிக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் வேறு. போட்டியே கூடாது என்று நானும் சொல்லவில்லை. தெருவில் இரண்டு செருப்பை கோல் போஸ்டாக வைத்து ஆடினாலும் பிள்ளைகள் ஸ்கோர் எண்ணத்தான் செய்வார்கள். என் கேள்வி ஒன்றே ஒன்று: பன்னிரண்டு வயதுக்கும் கீழே உள்ள ஓர் அணியின் கோச்சை, அவர் வாங்கிக் கொடுத்த கோப்பைகளை வைத்து எடை போடலாமா? கூடாது. எட்டுக் காரணங்கள் சொல்கிறேன்.

1. ஜெயித்தது கோச்சா, பிறந்த மாதமா?

வயதுப் பிரிவுகள் பெரும்பாலும் ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகின்றன. ஒரே ஆண்டின் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். முப்பது வயதில் பதினோரு மாத வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. பத்து வயதில் அது அவன் வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சராசரியாக இரண்டு அங்குல உயரம், அதற்கேற்ற எடை, ஓட்டத்தில் ஓரிரு எட்டு முந்தல்: எல்லாம் மூத்தவன் பக்கம் இருக்கும். 1985-இல் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய சகாக்களும் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை அலசியபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அளவுக்கு மீறி நிறைந்திருந்ததைக் கண்டார்கள். பிறகு பல நாடுகளின் இளையோர் கால்பந்து அணிகளிலும் இதே சாய்வு தென்பட்டது.

அப்படியானால் பத்து வயதுப் பிரிவில் கோப்பை வாங்கிய கோச் உண்மையில் செய்தது என்ன? பல சமயம், சீக்கிரம் பிறந்த, சீக்கிரம் வளர்ந்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்ததுதான். பொறுக்கி எடுப்பதும் ஒரு திறமை என்று வைத்துக்கொண்டாலும், அதில் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததாக ஆகாது. டிசம்பரில் பிறந்த பொடியனுக்கோ, "உனக்கு இது வராது" என்ற தீர்ப்பு பத்து வயதிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அவன் செய்த ஒரே குற்றம் லேட்டாகப் பிறந்தது.

இந்தத் தர்க்கத்தின் அடுத்த படி இன்னும் அசிங்கமானது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கும் டிடபிள்யூ-3 பரிசோதனையை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் ஏன் கொண்டுவந்தது? பிறப்புச் சான்றிதழை நம்ப முடியாமல் போனதால். பன்னிரண்டு வயதுப் பிரிவில் மீசை அரும்பியவனை இறக்கும் கோச் வானத்திலிருந்து குதித்தவர் கிடையாது. கோப்பைக்கு மட்டும்தான் மதிப்பு என்று நாம் சொன்னதை அவர் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

2. ஜெயிக்கிற வழியும் கற்கிற வழியும் ஒன்றா?

செம்பரம்பாக்கம் பக்கத்து டர்ஃப் ஒன்றில் பார்த்த ஆட்டம் இது. பின்வரிசையில் நின்ற ஒரு பொடியனுக்குப் பந்து வந்தது. காலடியில் நிறுத்தினான், தலையைத் தூக்கிப் பார்த்தான், எதிரே வந்தவனை இடப்பக்கம் ஏமாற்றி வலப்பக்கம் திரும்பப் பார்த்தான். கால் இடறியது. பந்து பறிபோய் கோல் விழுந்தது. "எத்தனை தடவைடா சொல்றது? அடிச்சு வெளிய தள்ளு! அங்க என்ன டான்ஸ் ஆடிட்டு இருக்க?" அடுத்த நிமிடம் அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கினான். பந்து வந்தது. இந்த முறை தலையைத் தூக்கவே இல்லை. ஓங்கி ஓர் உதை. பந்து பக்கவாட்டு வலையில் போய் மோதியது. "அப்படித்தான்டா! சூப்பர்!" அப்பாக்கள் கை தட்டினார்கள். அந்த அணிதான் ஜெயித்தது.

அந்த இரண்டு நிமிடங்களில் எது ஃபுட்பால்? முதலில் செய்தானே, அது. பந்தை நிறுத்துவது, சுற்றிலும் பார்ப்பது, முடிவெடுப்பது, துணிந்து செய்து பார்ப்பது. தப்பாகப் போனது, பத்து வயதில் தப்பாகத்தான் போகும். இரண்டாவதாகச் செய்தது பயத்தின் வேலை. கோச் திட்டியது முதலாவதை, பாராட்டியது இரண்டாவதை.

ஆனால் ஜெயிப்பதுதான் குறி என்றால் அந்த கோச் செய்ததில் ஒரு தவறும் இல்லை என்பதையும் கவனியுங்கள். பத்து வயதில் எதிரணியால் நான்கு பாஸைத் தொடர்ந்து கோர்க்க முடியாது. பின்னாலிருந்து ஓங்கி உதைத்து, முன்னால் நிற்கும் உயரமான வேகக்காரனிடம் சேர்த்துவிட்டால் பாதி ஆட்டம் முடிந்தது. இந்த வித்தை பதினைந்து வயதில் செல்லாது. அதற்குள் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். வேகத்தில் இருந்த இடைவெளி சுருங்கிவிடும். நெருக்கடியில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு யோசிக்கத் தெரிந்தவன்தான் மிஞ்சுவான். யோசிப்பதை எப்போது விட்டான்? அந்த ஞாயிற்றுக்கிழமை. பத்து வயதில் கோப்பை வாங்கித் தரும் அதே முறைதான் பதினாறு வயதில் ஆளை முடக்கிப்போடுகிறது.

3. பெஞ்சில் உட்கார்ந்து யார் ஃபுட்பால் கற்றார்கள்?

ஏழு பேர் ஆடும் போட்டிக்குப் பன்னிரண்டு பேரை அழைத்துப் போகிறார்கள். ஐந்து பேர் சட்டைக்கு மேல் பிப் மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவன் காலையிலிருந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருப்பான். தண்ணீர் பாட்டிலை நிரப்பிவரச் சொன்னால் ஓடுவான். "சார், நான் எப்ப சார்?" என்று கேட்டால், "இருடா, லீட் வரட்டும்" என்பார். லீட் வந்த பிறகு கேட்டால், "லீட் போயிடும், இரு" என்பார். தோற்றுக்கொண்டிருக்கும்போது கேட்கவே வேண்டாம். ஆக, அவன் இறங்குவதற்கான ஸ்கோர் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.

தகுதி என்கிறார்களே, இங்கே தகுதி எப்படி வரும்? நன்றாக ஆடாததால் அவனை இறக்கவில்லை. இறக்காததால் அவனுக்கு ஆட வரவில்லை. ஆடுகிறவனுக்கும் உட்கார்ந்திருப்பவனுக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் கூடுகிறது. கூட்டுகிறவர் கோச். பிறகு அந்தத் தூரத்தையே காட்டி, "பாருங்க, லெவல் பத்தல" என்பவரும் அவரே.

காசுக்கணக்கிலேயே பேசுவோம். பன்னிரண்டு வீட்டிலிருந்தும் வாங்குவது ஒரே கட்டணம். முதல் ரேங்க் வாங்கும் நாலு பேருக்கு மட்டும் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மற்றவர்களை அவர்கள் போடுவதை வேடிக்கை பார்க்கச் சொல்லும் டியூஷன் மாஸ்டருக்கு யாராவது மாதச் சம்பளம் கொடுப்போமா? மைதானத்தில் மட்டும் ஏன் கொடுக்கிறோம்?

4. அடியாத மாடு படியாதா?

இந்தப் பழமொழியைச் சொல்லித்தான் பெரும்பாலான பெற்றோர் வாயை மூடிக்கொள்கிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பள்ளிப் பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தளவில் வதைப்பதையும் தடை செய்கிறது. காலையில் கணக்கு வாத்தியார் செய்தால் புகார் எழுதுகிற அதே அப்பா, மாலையில் கோச் செய்தால் "மோட்டிவேஷன்" என்கிறார். பிள்ளையின் தோல் அதேதான். வாசல் கேட்டின் நிறம்தான் வேறு.

சட்டத்தை விடுங்கள், பலனாவது இருக்கிறதா என்று பார்ப்போம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் பல்லாண்டுகள் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளை ஆராய்ந்தவர்கள். நல்ல முயற்சியைப் பாராட்டுவது, தவறினால் தேற்றி எப்படித் திருத்துவது என்று சொல்லித் தருவது, தண்டிக்காமல் இருப்பது என்று கோச்சுகளின் ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு குழுவைச் சும்மா விட்டார்கள். 1992-இல் வெளியான முடிவின்படி, சும்மா விட்ட கோச்சுகளிடம் ஆடிய பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் அடுத்த சீசனுக்கு வரவில்லை. பயிற்சி பெற்ற கோச்சுகளிடம் ஆடியவர்களில் வராமல் போனது 5 சதவீதம். வெற்றிக் கணக்கில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. கத்தாமலும் அதே அளவு ஜெயிக்கலாம், பிள்ளைகளும் ஓடிப்போக மாட்டார்கள் என்பதே இதன் பொருள்.

பெரிய இடத்துக்குப் போனால் எல்லாம் தாங்கித்தான் ஆக வேண்டும் என்பார்கள். இந்தியக் கால்பந்தில் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய இடம் வந்ததில்லை என்று சொல்லத்தக்க ஓர் அணி உண்டு: 2017-இல் நம் மண்ணில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குத் தயாரான அணி. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அணிச் சிறுவர்கள், தங்களுடைய வெளிநாட்டுப் பயிற்சியாளர் அடிக்கிறார், திட்டுகிறார் என்று கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தார்கள். அவர் விலகிப் போக, வேறொருவர் வந்தார். உலகக் கோப்பையே வாசலில் நிற்கும்போதுகூடத் தாங்க முடியாது என்று அந்தப் பிள்ளைகள் சொன்னதை, டர்ஃப் கோப்பைக்காக நம் பிள்ளைகள் தாங்க வேண்டும் என்கிறோம்.

இதில் இன்னும் இருண்ட ஒரு மூலை உண்டு. 2021-இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். 2022-இல் 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் கால்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர், வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தின்போது எழுந்த பாலியல் ஒழுங்கீனப் புகாரில் நீக்கப்பட்டார். எல்லா கோச்சும் அப்படி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் "சார் என்ன சொன்னாலும் எதிர்க் கேள்வி கேட்காதே" என்று பழக்கிய பிள்ளை, கேட்டே ஆக வேண்டிய நாளில் மட்டும் எப்படி வாயைத் திறக்கும்? ஒழுங்கு வேண்டும்தான். நேரத்துக்கு வருவது, நடுவரை மதிப்பது, விழுந்தவனைத் தூக்கிவிடுவது எல்லாம் ஒழுங்கு. பயம் அந்தப் பட்டியலில் இல்லை.

5. நாங்களும் அப்படித்தானே வளர்ந்தோம்?

வளரவில்லை, பாதியை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். ஆவடி எச்.வி.எஃப். குடியிருப்பிலும் வில்லிவாக்கம் பக்கத்து ஐ.சி.எஃப். குடியிருப்பிலும் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பி.டி. மாஸ்டர் விசில் ஊதிய ஆட்டம் ஒன்று இருந்தது. அவர் வீட்டுக்குப் போன பிறகு இருட்டும்வரை பசங்களே ஆடிய ஆட்டம் இன்னொன்று இருந்தது. இரண்டாவதில் கோச் கிடையாது, பெஞ்ச் கிடையாது, திட்டு கிடையாது. ஆள் குறைந்தால் சின்னவனையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் பலமாகப் போய்விட்டால் ஆளை மாற்றிச் சமன் செய்தார்கள். புது வித்தைகளை முயன்று பார்த்தது அங்கேதான். மாஸ்டரின் கண்டிப்பை அவர்கள் தாங்கினார்கள் என்றால், அதைத் தாங்கும் அளவுக்கு இந்த ஆட்டம் அவர்களுக்கு மகிழ்ச்சி தந்திருந்தது.

இன்று செம்பரம்பாக்கத்திலோ நசரத்பேட்டையிலோ வளரும் பிள்ளைக்கு அந்த இரண்டாவது ஆட்டம் எங்கே? காலி மனைக்கெல்லாம் வேலி போட்டாகிவிட்டது. தெருவில் ஆடினால் கார்க் கண்ணாடிக்காரர் கத்துவார். சர்வீஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓடுகிறது. டர்ஃபுக்கு மணிக்கணக்கில் வாடகை. வாரத்தில் மூன்று மாலை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், அதுவும் கோச்சின் கண்காணிப்பில். அந்தப் பிள்ளையின் மொத்த ஃபுட்பாலும் இவ்வளவுதான். பழைய மாஸ்டர் பிள்ளையின் ஆட்டத்தில் ஒரு பகுதியைத்தான் ஆண்டார். இன்றைய கோச் முழுவதையும் ஆள்கிறார். அதனால்தான் பழைய கண்டிப்பை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது. இப்போதைய கோச்சுக்கு ஒரு புதுக் கடமை சேர்ந்திருக்கிறது: அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பங்கை விசிலைப் பையில் போட்டுவிட்டுப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுவது. நாலுக்கு நாலு பிரித்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதும். ஆள் குறைந்த ஆட்டத்தில் ஒவ்வொருவன் காலுக்கும் பந்து வரும். ஒளிந்துகொள்ள இடம் இருக்காது, உட்கார பெஞ்சும் இருக்காது.

6. சான்றிதழ் வேண்டாமா?

வேண்டும். எந்தச் சான்றிதழ் என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் தனி இடங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குக் கணக்கில் வருபவை அங்கீகரிக்கப்பட்ட போட்டிகள். குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று ஏறும் பள்ளிப் போட்டிகள், சங்கங்களும் சம்மேளனமும் நடத்தும் மாநில, தேசியப் போட்டிகள் போன்றவை. பள்ளிப் போட்டிகளின் பிரிவுகள் 14, 17, 19 வயது. தனியார் டர்ஃபில், பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் வாங்கிய லேமினேட் செய்த சான்றிதழை எந்த அலுவலரும் வாங்கிப் பார்க்கப்போவதில்லை.

ஒதுக்கீட்டுக்காகவே ஆட வைக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் பெற்றோரும் அப்படியானால் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பலன் பதினேழு வயதில் வருகிறது என்றால் பிள்ளை பதினேழு வரை ஆடியாக வேண்டும். வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்தட்டு இன்னும் இறுகியிருக்காது. ஓய்வில்லாமல் வாராவாரம் போட்டி ஆடினால் குதிகாலும் முழங்காலும் வலிக்கத் தொடங்கும். "வலிக்குது சார்" என்றவனை "நடிக்காதடா" என்று இறக்கிவிடும் கோச், இந்த ஞாயிற்றுக்கிழமைக் கோப்பைக்காக அந்த வீட்டார் நம்பியிருக்கும் ஒதுக்கீட்டையே பணயம் வைக்கிறார். உங்கள் கணக்குப்படியே பார்த்தாலும் அது நஷ்டம்தான்.

7. ஏழைப் பிள்ளைக்கு ஜெயிப்பதைத் தவிர வேறு வழி ஏது?

எதிர்க்கட்சியின் வாதங்களில் கனமானது இது. அதனால் ஒதுக்கித் தள்ள மாட்டேன். "மகிழ்ச்சியாக ஆடட்டும்" என்பது வசதி உள்ளவர் பேச்சு, இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பந்துதான் படிக்கட்டு என்கிறார்கள். படிக்கட்டு என்பது உண்மை. அதில் ஏறியவர்கள் எப்படி ஏறினார்கள் என்று பார்க்க வேண்டாமா?

வடசென்னையின் வியாசர்பாடியில் உமாபதியும் தங்கராஜும் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காகக் கால்பந்துப் பயிற்சி தொடங்கியபோது அவர்கள் முன்னால் இருந்த முதல் கவலை, பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது. பந்து அதற்கான கொக்கி. அந்த வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ், 2017-18 ஐ.எஸ்.எல். பட்டத்தை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்களத்தில் ஆடினார். கடலூரில் மாரியப்பன், சுனாமியில் பெற்றோரை இழந்த சிறுமிகள் உட்படப் பலருக்குப் பந்தாடக் கற்றுக்கொடுத்தார். கடலூரிலிருந்து கிளம்பிய இந்துமதி கதிரேசன் இந்திய அணி வரை போனார். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இல் முதன்முறையாக தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பை வென்றார்கள். 2023-இல் மறுபடியும் வென்றார்கள்.

இந்த மைதானங்களில் போட்டி இல்லையா? இருந்தது, கடுமையாகவே இருந்தது. ஆனால் நேற்று வந்த பிள்ளை இன்றும் வந்ததா என்பதுதான் அங்கே முதல் வெற்றி. கோப்பை பிறகு வந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையை ஓர் அகாடமி உட்கார வைத்தால் இன்னொன்றில் சேர்ந்துகொள்வான், இல்லையென்றால் நீச்சலுக்கோ பேட்மிண்டனுக்கோ போவான். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த மாற்று கிடையாது. அவனைப் பத்து வயதில் பெஞ்சில் வைத்து விரட்டுவது, கீழ்ப்படியில் கால் வைத்தவனைப் பிடித்துத் தள்ளுவது. ஏழைப் பிள்ளையின் பெயரைச் சொல்லி நியாயப்படுத்தும் முறை முதலில் வெளியே அனுப்புவது ஏழைப் பிள்ளையைத்தான்.

8. உலகம் முழுக்க இப்படித்தானா?

கிடையாது. நார்வே 1987-லேயே சிறுவர் விளையாட்டுக்கென்று விதிகள் வகுத்தது. 2007-இல் அவற்றைத் திருத்தி, விளையாட்டில் குழந்தைகளுக்கான உரிமைகள் என்றே அறிவித்தது. பிள்ளை 11 வயதை எட்டும் ஆண்டுவரை முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. 13 வயதாகும் ஆண்டுவரை தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது என்பது அதன் சாரம். ஜெர்மனி 2024-25 சீசனிலிருந்து சின்னஞ்சிறு பிரிவுகளில் ஆளைக் குறைத்து, கோலைப் பெருக்கி, பட்டியலை எடுத்துவிட்டு ஆடும் முறையை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. அங்கேயும் எதிர்ப்பு இருந்தது. டார்ட்மண்ட் கிளப்பை நடத்திய வாட்ஸ்கே வெளிப்படையாகவே கேலி செய்தார். நம் சம்மேளனமும் 2018-இல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்காக கோல்டன் பேபி லீக் என்று தொடங்கி, சின்ன மைதானம், குறைந்த ஆட்கள், நிறைய ஆட்டம் என்ற பாதையைத்தான் காட்டியது.

பட்டியல் இல்லாமல் வளர்ந்தால் பிள்ளைகள் சொத்தையாகப் போய்விடுவார்களாம். நார்வேயின் அந்த முறைக்குள் வளர்ந்தவர்தான் கால்பந்து வீரர் எர்லிங் ஹாலண்ட். அந்த நார்வே 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்று பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2025 நவம்பரில் மிலானில் இத்தாலியை 4-1 என்று வீழ்த்தி, 1998-க்குப் பிறகு முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இவையெல்லாம் அந்த விதியால்தான் வந்தன என்று நான் சொல்லவில்லை. பணம், பனி, மைதானம் என்று வேறு காரணங்கள் ஆயிரம் இருக்கும். ஆனால் அந்த விதி பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்ற வாதம் இதற்குமேல் நிற்காது. "அது பணக்கார நாடு" என்பவர்களுக்கு ஒரே பதில்: எல்லோரையும் ஆட வைக்க ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

இனி என்ன செய்வது?

கோச்சுகள் மாறட்டும் என்று பெற்றோர் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. கோப்பையைக் கேட்டவர்கள் பெற்றோர்தான். கேட்டதைத்தான் கோச் கொடுக்கிறார். கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும். அகாடமியில் சேர்க்கப் போகும்போது நான்கு விஷயங்களைக் கேளுங்கள். போட்டிக்கு அழைத்துப்போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்ட நேரம் தருவீர்களா? கோச் என்ன உரிமம் வைத்திருக்கிறார்? சம்மேளனத்தின் டி உரிமப் பயிற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதுகூட இல்லாதவரிடம் பிள்ளையை ஏன் விட வேண்டும்? பயிற்சியின்போது பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? மூன்று வருடத்துக்கு முன்னால் எட்டு வயதில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள்?

கடைசிக் கேள்விக்குப் பதிவேடு பார்த்துப் பதில் சொல்கிற கோச்சிடம் பிள்ளையை நம்பி விடலாம். போன சீசன் முழுக்கத் தோற்றிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கணக்கையே வைத்திருக்காமல் கோப்பைகளைக் காட்டுகிறவரிடம் விட வேண்டாம். அவரிடமிருந்து விலகிப் போன பிள்ளைகள் யாரென்று அவருக்கே தெரியாது. நாளைக்கு உங்கள் பிள்ளை வராமல் போனாலும் தெரியப்போவதில்லை.